லாரியிலிருந்து வந்த குழாய்த் தண்ணீர்

ஒய்பி குழாயைத் திருகினார், தண்ணீர் வந்தது. வந்திருக்கக் கூடாது. எல்லாத் தொல்லையும் அங்கேதான் ஆரம்பம்.

எங்கள் தோட்டத்தின் மூன்றாம் டிவிஷனில், மாரியம்மன் கோயிலுக்கு எதிரே இருக்கும் பூப்பந்து மைதானத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். நடுவில் சிமெண்டால் இடுப்புயர மேடை. அதன்மேல் ஒரு பித்தளைக் குழாய், அதன் கழுத்தில் சாமந்தி மாலை. சட்டமன்ற உறுப்பினரை எங்கள் பக்கத்தில் எல்லாரும் ஒய்பி என்றுதான் சொல்வோம். அவர் சிவப்பு நாடாவை வெட்டிவிட்டுக் குழாயைத் திறந்ததும் தண்ணீர் சீறிக்கொண்டு வந்து அவருடைய பூப்போட்ட பாத்தேக் சட்டையை நனைத்தது. மேளம் கொட்டியது, சனம் கைதட்டியது.

நான் கைதட்டவில்லை. என் கண் கோயில் மடைப்பள்ளிக்குப் பின்னால் இருந்தது. அங்கே என் வீட்டுக்காரர் மாரிமுத்து, தன் தண்ணி லாரியின் பம்பைப் பிடித்துக்கொண்டு வியர்த்து ஊற்ற நின்றிருந்தார். லாரியிலிருந்து கிளம்பிய ஒரு ஹோஸ் மண்ணுக்கடியில் புதைந்து வந்து அந்தப் பித்தளைக் குழாயில் முடிந்தது. ஒய்பியின் சட்டையை நனைத்தது, அன்று காலை என் வீட்டுக்காரர் லுக்குட் டவுனுக்குப் போய் ஏற்றிக்கொண்டு வந்த தண்ணீர்.

பம்புச் சத்தம் வெளியே கேட்கக் கூடாது என்பதற்காக மேளக்காரர்களை நிறுத்தாமல் வாசிக்கச் சொல்லியிருந்தார்கள். பாவம், தவில்காரருக்கு அன்று தோள்பட்டை வீங்கிவிட்டது.

இடியாப்பத்துக்கு வந்த சோதனை

அந்தக் குழாயின் பூர்வீகத்தைச் சொல்லாமல் மேலே போக முடியாது. எங்கள் தோட்டம் லுக்குட்டிலிருந்து உள்ளே போகிற சாலையில் இருக்கிறது. ஒரு காலத்தில் ரப்பர் பால்மரம், இப்போது எண்ணெய் எடுக்கும் செம்பனை. செம்பனையில் இப்போது வெளிநாட்டுப் பையன்கள்தான் வேலை செய்கிறார்கள். லயத்து வரிசை வீடுகளில் மிச்சமிருக்கும் எங்கள் ஆட்கள் காலையில் மோட்டார் சைக்கிள் ஏறி வெளி வேலைக்குப் போய்விடுவார்கள்.

முன்பெல்லாம் தோட்டத்துக் குளத்திலிருந்து தண்ணீர் இறைத்து விட்டார்கள். தோட்டம் கைமாறியது, பம்பு பழுதானது, அதோடு சரி. அப்புறம் லாரித் தண்ணீர்தான். தவுக்கே என்று நாங்கள் சொல்லும் ஒரு சீன முதலாளியின் லாரி வந்து வாசலில் இருக்கும் தோம்புப் பீப்பாய்களில் ஊற்றிவிட்டுப் போகும். லாரியை ஓட்டியவர் என் வீட்டுக்காரர் என்பதால் எங்கள் தோம்பு மட்டும் விளிம்பு வரை நிறையும். அதற்கும் லயத்தில் பேச்சு இருந்தது.

இதற்கிடையில் பெரிய சாலையோரமாக ஒரு ராட்சதக் குழாய் புதைத்தார்கள். அது எங்களுக்கு இல்லை, சுங்கை காடுட் பக்கத்துக்கு. தண்ணீர் போய்ச் சேர்ந்த பிறகு அங்கே என்ன நடந்தது என்பதை நான் பஸ்ஸில் போகும்போதெல்லாம் பார்த்துக்கொண்டே வந்தேன். முதலில் தொழிற்சாலை வந்தது. அதற்கு ஆள் வந்தது. ஆளுக்கு ஹாஸ்டல் வந்தது. ஹாஸ்டலுக்கு எதிரே கைப்பேசிக் கடை, முடிவெட்டும் கடை, ரொட்டி சானாய் கடை. செம்மண் மேடாகக் கிடந்த இடத்தில் மோட்டாரை நிறுத்த இடம் இல்லாமல் சண்டை போட்டுக்கொண்டார்கள். தண்ணீருக்கு இவ்வளவு வேலை தெரியும் என்று எனக்கு அதுவரை தெரியாது. அந்தத் தண்ணீர் எங்கள் தோட்டத்து வாசலைத் தாண்டித்தான் போனது என்பதை நினைக்கும்போது மட்டும் வயிறு எரியும்.

அந்த வளர்ச்சியில் ஒரு துளி என் பக்கமும் தெறித்தது. நான் அப்போது லுக்குட்டில் சில கடைகளுக்கு இடியாப்பம் பிழிந்து கொடுத்துக்கொண்டிருந்தேன். தொழிற்சாலை கேன்டீன் ஒன்றை நடத்திய ஒரு அம்மா அதைச் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு வீடு தேடி வந்தார்.

"தெனமும் வேணும், மூணு ஷிப்டுக்கும் வேணும்," என்றார். "ஆனா ஹெல்த்து ஆபீசர் வந்து பாப்பாரு. வீட்டுக்குள்ள பைப்பு தண்ணி இருக்கணும். தோம்புத் தண்ணின்னா ஒத்துக்க மாட்டாங்க. தீபாவளி வரைக்கும் ஒங்களுக்காகப் புடிச்சு வைக்கிறேன். அதுக்கு மேல என்னால முடியாதுலா."

எனக்கு அந்த ஆர்டர் வேண்டும். எவ்வளவு வேண்டும் என்றால், ராத்திரி தூக்கத்தில்கூட கை இடியாப்ப அச்சைத் திருகுவதாக என் வீட்டுக்காரர் சொன்னார். கல்யாணமான நாளிலிருந்து அடுத்தவர் கடை அடுப்படியிலேயே என் காலம் போயிருந்தது. சொந்தமாக ஒன்று, என் கையால் ஒன்று, என்று ஒரு வெறி எனக்கு அப்போது பிடித்திருந்தது.

அந்த நேரத்தில்தான் பெரிய குழாயிலிருந்து எங்கள் டிவிஷனுக்கு ஒரு கிளைக் குழாய் போடுவதாக அறிவித்தார்கள். வீட்டுக்கு வீடு புதுக் குழாய் பொருத்தினார்கள். நான் எங்கள் வீட்டுக் குழாய்க்குக் குங்குமம் வைத்தேன்.

பெரிய தொரை வந்தால் வெள்ளையடி

திறப்பு விழாவுக்கு முதல் நாள் மத்தியானம், வேலையை எடுத்திருந்த குத்தகையாளர் தலையைச் சொறிந்துகொண்டு வந்தார். லயம் வரைக்கும் குழாய் போட்டாகிவிட்டது. ஆனால் பெரிய சாலையில் ராட்சதக் குழாயோடு இதை இணைக்க வேண்டிய சாமான் இன்னும் வரவில்லை. எப்போது வரும் என்று அவருக்கும் தெரியாது.

கோயில் கமிட்டித் தலைவர் கோவிந்தன், தோட்டத்து ஆட்களை மேய்த்த முன்னாள் மண்டோர், அந்த இடத்திலேயே முடிவெடுத்துவிட்டார். ஆட்டுக்கறிக்குச் சொல்லியாகிவிட்டது, மேளத்துக்குச் சொல்லியாகிவிட்டது, மாலை வந்து இறங்கிவிட்டது. தண்ணீர் ஒன்றுதான் பாக்கி.

"ரெண்டு நிமிசம்தான் மாரி," என்றார் என் வீட்டுக்காரரிடம். "திருகுவாரு, கைதட்டுவோம், மூடிட்டு சாப்பிடப் போயிடுவாரு. நீ பின்னால லாரிய போட்டு ஹோஸ மாட்டி வுட்டுரு."

"லாரி தவுக்கேயோடது தலைவரே."

"தவுக்கேயயும் சாப்பிட வரச் சொல்லுலா."

எனக்குக் கோபம் வந்தது. "வெறும் காத்து வரட்டுமே தலைவரே. தண்ணி வரலன்னு அவரே கண்ணால பாத்துட்டுப் போவட்டும். அப்பத்தான வேல நடக்கும்."

"ஒனக்கு வெவரம் பத்தாது தங்கச்சி. நம்ம எடத்துக்கு வந்தவரு மொகம் வாடக் கூடாது. நம்ம தோட்டத்து மானம் என்னா ஆவறது?"

இந்த மானம் எனக்குப் பழக்கமானதுதான். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது வருஷத்துக்கு ஒரு தடவை பெரிய தொரை சுற்றிப் பார்க்க வருவார். அவர் வருவதற்கு முன்னால் சாக்கடைக் கல்லுக்கெல்லாம் வெள்ளையடிப்பார்கள். தென்னை மரத்துக்கு இடுப்பு வரை வெள்ளையடிப்பார்கள். வெள்ளைப் பெயிண்ட் மிஞ்சினால் கோழிக் கூண்டுக்கும் அடி விழும். ஒழுகாத வீடு மொத்த லயத்திலும் ஒன்றுதான் இருந்தது. தொரையை அந்த வீட்டுக்குள்ளேதான் கூட்டிப்போய்க் காட்டுவார்கள். மற்ற வீட்டுப் பிள்ளைகளான எங்களையெல்லாம் குளிப்பாட்டி, பவுடர் பூசி, அந்த ஒரு வீட்டு வாசலில் வரிசையாக நிறுத்துவார்கள். தொரை "குட், குட்" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறுவார்.

அன்று சாயங்காலம் என் அப்பா, ஒழுகும் எங்கள் வீட்டுக்குள் ஈயச் சட்டிகளை எடுத்து வைத்துக்கொண்டே, "தொரைக்கு ரொம்ப சந்தோசம்" என்பார். அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை. நல்ல மனுஷன்தான். ஆனாலும் அந்தப் பெருமையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது. எங்கள் கூரை கடைசி வரை மாறவில்லை.

மூடச் சொன்ன பாவம்

திரும்பவும் பந்தலுக்கு வருகிறேன்.

கோவிந்தன் போட்ட திட்டத்தில் ஒரே ஒரு ஓட்டை. ஒய்பி குழாயை மூடவில்லை. தண்ணீரின் வேகத்தைப் பார்த்து அவருக்கே மெய்சிலிர்த்துவிட்டது. இரண்டு கையாலும் ஏந்திக் குடித்தார். முகத்தில் அடித்துக்கொண்டார். "என் வீட்டுல கூட இந்தப் பிரஷர் கெடையாது" என்றார். பிறகு குழாயை அப்படியே ஓடவிட்டு, அதன் பக்கத்தில் நின்றபடி, மேளத்துக்கு மேலே குரலை உயர்த்திப் பேச ஆரம்பித்தார். தண்ணீர் வந்தால் தொழில் வரும், தொழில் வந்தால் வட்டாரமே வளரும், இனி இந்தத் தோட்டம் பழைய தோட்டம் இல்லை, என்று நன்றாகத்தான் பேசினார். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

மடைப்பள்ளிக்குப் பின்னாலிருந்து என் வீட்டுக்காரர் எனக்குச் சாடை காட்டினார். முதலில் கையை மார்பளவில் வைத்துக் காட்டினார். அப்புறம் இடுப்பளவில். அப்புறம் முட்டியளவில். லாரியில் தண்ணீர் இறங்கிக்கொண்டே போகிறது என்று அர்த்தம். கடைசியில் கணுக்காலைத் தொட்டுக் காட்டிவிட்டு, கையெடுத்துக் கும்பிட்டார்.

கோவிந்தனைப் பார்த்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு அம்மனை வேண்டிக்கொண்டிருந்தார். வேறு வழியில்லை. நான் மேடைக்குப் பக்கத்தில் போய்ச் சத்தமாகச் சொன்னேன்.

"ஒய்பி, மொதல்ல அந்தக் கொழாய மூடுங்க. தண்ணி வீணாப் போவுது."

பந்தல் அமைதியானது. தவில்காரர்கூட நிறுத்திவிட்டார். நல்லவேளை, என் வீட்டுக்காரர் அதற்குள் பம்பை அணைத்துவிட்டார். ஒய்பி குழாயை மூடினார். என்னை ஒரு நிமிடம் பார்த்தார். அவர் கண் கலங்கிவிட்டது.

"இந்தத் தாய்க்குத் தண்ணியோட அருமை தெரியுது," என்றார் மைக்கில். சனம் மறுபடியும் கைதட்டியது.

மறுநாள் பத்திரிகையில் என் படம். நான் விரலை நீட்டி ஒய்பியை அதட்டுவது போலவும் அவர் பணிவாகக் குழாயை மூடுவது போலவும் அழகாக விழுந்திருந்தது. அந்த வாரத்திலேயே ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிட்டார்கள், தண்ணீர்ச் சிக்கனத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்று. பிறகு இன்னொரு பள்ளிக்கூடம். பல் விளக்கும்போது குழாயை மூடுங்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து, தோம்பில் மொண்டு பல் விளக்குவேன்.

வீட்டுக் குழாயில் தண்ணீர் வரவே இல்லை. திறந்தால் "ஸ்ஸ்" என்று ஒரு காற்று, அவ்வளவுதான். வந்தால் சத்தம் கேட்குமே என்று லயத்தில் எல்லாரும் குழாயைத் திறந்தே வைத்திருந்தோம். நாளாக ஆக அதை மறந்தும் போனோம். நான் எங்கள் குழாயில் துண்டு காயப்போட்டேன். பக்கத்து வீட்டில் மோட்டார் சாவியை மாட்டினார்கள்.

புகார் சொல்ல ஆபீசுக்குப் போன் போட்டேன். எந்த ஆபீஸ் என்று கேட்காதீர்கள், எனக்குத் தெரிந்த எல்லா ஆபீசுக்கும் போட்டேன். எங்கே போட்டாலும் ஒரே பதில். உங்கள் டிவிஷனுக்குத் தண்ணீர் வந்தாகிவிட்டது, ஒய்பியே குடித்திருக்கிறார். ஒரு பெண் மட்டும் என் குரலைக் கேட்டுச் சந்தேகப்பட்டு, "நீங்கதான அந்த மூடச் சொன்ன அம்மா?" என்று கேட்டாள். நான் போனை வைத்துவிட்டேன்.

தண்ணீர் வராத வளர்ச்சி

சில மாதம் கழித்து, கையில் ஒரு பலகைக் கணினியோடு ஷாமினி என்ற பெண் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். ராசா டவுனில் பிறந்து வளர்ந்த பெண். தண்ணீர்த் திட்டம் வந்த இடங்களில் மக்களின் வருமானம் எப்படி உயர்ந்திருக்கிறது என்று கணக்கெடுக்க வந்திருந்தாள். லயம் முழுக்கச் சுற்றிவிட்டுக் கடைசியாக என்னிடம் வந்தாள். முகமெல்லாம் பூரிப்பு.

"ஆன்ட்டி, நாங்க பாத்த எடத்துலயே இங்கதான் க்ரோத் ஜாஸ்தி. பைப் போட்டதுக்கு அப்புறம் எத்தன புது பிசினஸ் தெரியுமா?"

தெரியாமல் என்ன? கடைசி வீட்டு லெட்சுமி ஒரு வேன் வாங்கி லயத்துத் துணியையெல்லாம் மூட்டை கட்டி லுக்குட் டோபிக் கடைக்குக் கொண்டுபோய்த் துவைத்து வந்தாள். வெள்ளிக்கிழமை அதே வேனில், தலைக்குக் குளிப்பவர்களை ஏற்றிக்கொண்டு ராசாவில் இருக்கும் சொந்தக்காரர்கள் வீட்டில் இறக்கிவிடுவாள். கோவிந்தனின் மருமகன் நீல நிறத் தோம்பு விற்றார். எல்லாருக்கும் புதுத் தோம்பு தேவைப்பட்டது. குழாய் வந்துவிட்டதே என்று பழையதைத் தூக்கிப் போட்டிருந்தார்கள். தவுக்கே இரண்டாவது லாரி வாங்கி, என் வீட்டுக்காரரை இரண்டுக்கும் மேற்பார்வையாளராக்கினார். அவர் சட்டைப் பையில் பேனா குத்த ஆரம்பித்திருந்தார்.

"தண்ணி வரலம்மா," என்றேன்.

ஷாமினி சிரித்தாள். நான் அவளை உள்ளே கூட்டிப்போய்க் குழாயிலிருந்து துண்டை எடுத்துக் காட்டினேன். திருகிப் பார்த்தாள். ஏற்கெனவே திறந்திருந்தது.

"அப்போ இந்த பிசினஸ் எல்லாம்?"

"தண்ணி வராததுனால வந்தது."

அவள் அப்படியே முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். கெட்டிக்காரப் பெண், உடனே புரிந்துகொண்டாள். புரிந்ததுதான் அவளுக்குக் கஷ்டமாகப் போயிற்று. கணினியில் தட்டிப் பார்த்தாள். 'தண்ணீர் வரவில்லை' என்று போட்டுவிட்டு 'வருமானம் உயர்ந்தது' என்று போட்டால் திரை சிவப்பாகிறதாம், ஏற்றுக்கொள்ள மாட்டேன் என்கிறதாம். வெளியே போய் மேலதிகாரிக்குப் போன் பேசிவிட்டு வாடிய முகத்தோடு வந்தாள்.

"அவரு என்னா சொல்றாரு?"

"வருமானம் ஏறியிருக்குன்னா தண்ணி வந்துருக்கணுமாம், ஆன்ட்டி. நான் சரியா பாக்கலியாம்."

அவளுக்கு டீ போட்டுக் கொடுத்தேன். லாரித் தண்ணீர் டீதான். குடித்துவிட்டு, "சாரி ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டுப் போனாள். எனக்கு அவள்மேல் கோபமே வரவில்லை. என்னைப் போலவே அவளும் ஒரு குழாய்க்கு முன்னால் மாட்டிக்கொண்டவள்.

அந்தக் கணக்கின்படி, தண்ணீரால் வளர்ந்த இடங்களில் எங்கள் டிவிஷன்தான் முதலிடம். பாராட்டு விழா நடத்த ஒய்பி மறுபடியும் வருகிறார் என்று கோவிந்தன் மூச்சு வாங்க ஓடிவந்து சொன்னார். அப்போது தீபாவளிக்குக் கொஞ்ச நாள்தான் இருந்தது.

காற்றில் கை கழுவியவர்

அன்று சாப்பாட்டு நேரத்தில் என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். கேட்டேன் என்றால், தட்டை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்துகொண்டேன்.

"இந்தத் தடவ லாரி வேணாங்க. காத்து வரட்டும். அந்த மனுசன் பாக்கட்டும்."

"தலைவரு மொகத்துல எப்படி முழிக்கிறது?"

"என் மொகத்துல மட்டும் முழிச்சிருவீங்களா?"

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "தண்ணி வந்துச்சுன்னா லாரிக்கு வேல இல்ல தேவகி. அதயும் நெனச்சுப் பாத்தியா?"

நினைக்காமல் இல்லை. ஒரே வீட்டில் ஒருத்தி பிழைப்புக்குத் தண்ணீர் வர வேண்டும், ஒருத்தர் பிழைப்புக்கு வரக் கூடாது. இப்படி ஒரு குடும்பம் எங்கேயாவது உண்டா? எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவர் சாப்பிட்டுவிட்டு எழுந்து போனார்.

விழாவன்று காலையில் லாரி வழக்கம்போல மடைப்பள்ளிக்குப் பின்னால் வந்து நின்றது. ஹோஸ் மாட்டினார். கோவிந்தனுக்குக் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். நான் அவரைப் பார்க்கவே இல்லை. என் ஆர்டர் போயிற்று என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

இந்தத் தடவை குழாயைத் திறக்க வேண்டியது நானாம். தண்ணீரின் அருமை தெரிந்த தாய் திறக்கட்டும் என்று ஒய்பியே சொல்லிவிட்டார். மேளம் கொட்டியது. நான் திருகினேன்.

"ஸ்ஸ்" என்றது.

பம்பு ஓடுகிற சத்தம் எனக்குக் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் பம்பைப் பிடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்தபடி நின்றிருந்தார். அவர் வெறும் டேங்க்கைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார். அத்தனை வருஷக் குடித்தனத்தில் அவரை எனக்கு அந்த நிமிடம் பிடித்ததுபோல என்றைக்கும் பிடித்ததில்லை.

கோவிந்தன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

ஒய்பி என்ன செய்தார் தெரியுமா? ஒரு கணம்தான் தயங்கினார். பிறகு இரண்டு கையையும் குழாய்க்கு அடியில் நீட்டினார். நன்றாகத் தேய்த்துக் கழுவினார். காற்றை ஏந்தி முகத்தில் அடித்துக்கொண்டார். "நல்ல குளிர்ச்சி" என்றார். சனம் கைதட்டியது. கோவிந்தன்தான் முதலில் தட்டினார்.

எங்கள் முகம் வாடக் கூடாது என்று அவர் நினைத்திருக்கிறார். நாங்கள் அவருக்குச் செய்ததையே அவர் எங்களுக்குத் திருப்பிச் செய்தார். எனக்குத் தலை சுற்றியது. இப்படியே போனால் இந்தத் தோட்டத்தில் எல்லாரும் ஒருத்தருக்கொருத்தர் மரியாதை கொடுத்தே தாகத்தில் சாவோம் என்று தோன்றியது.

துண்டை நீட்டினேன். அவர் காய்ந்த கையைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே, மைக்கில் விழாமல் கேட்டார்.

"எத்தன நாளா இப்படிம்மா?"

"நீங்க குடிச்சீங்களே, அன்னையிலேர்ந்து."

"அப்போ நான் குடிச்சது?"

"லாரித் தண்ணி, ஒய்பி. எங்க வீட்டுக்காரரு ஏத்திட்டு வந்தது."

அவர் துண்டை மடித்து என் கையில் கொடுத்தார். மேடையில் அதற்குமேல் ஒன்றும் பேசவில்லை, சாப்பிடவும் உட்காரவில்லை. அன்று மிஞ்சிய ஆட்டுக்கறியை லயமே பங்கு போட்டுக்கொண்டது.

வந்தது தண்ணீர்

எந்த அறிவிப்பும் இல்லை. மேளம் இல்லை, மாலை இல்லை. பெரிய சாலையில் யாரோ வந்து தோண்டினார்கள், எதையோ மாட்டினார்கள், மூடிவிட்டுப் போனார்கள். பழைய வேலையைச் சீர்படுத்தியதாகக் கேள்வி.

தீபாவளிக்கு முன்னால் ஹெல்த்து ஆபீசர் என் வீட்டைப் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்த நாளும் அதுதான். இன்னும் கொஞ்சம் தவணை கேட்கலாம், வெறும் வாயால் கேட்க வேண்டாமே என்று பலகாரம் வாங்க லுக்குட் பாசாருக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தால் லயத்து வாசலெல்லாம் வெள்ளம். எல்லா வீட்டுக் கதவுக்கடியிலிருந்தும் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. எல்லாரும் வேலைக்குப் போயிருந்தார்கள். எல்லார் வீட்டுக் குழாயும் திறந்தே இருந்தது.

என் வீட்டைத் திறந்தேன். கணுக்கால் வரை தண்ணீர், பால் போல வெள்ளையாக. தரையில் அடுக்கி வைத்திருந்த அரிசி மாவு மூட்டைகள் கரைந்துகொண்டிருந்தன. செருப்பு மிதந்தது, முக்காலி மிதந்தது. சமையல்கட்டில் குழாய் முழு வேகத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. நான் அதன் முன்னால் போய் நின்றேன். மூட மனசு வரவில்லை. அங்கேயே நின்று அழுதேன்.

ஆபீசர் வாசலில் வந்து நின்றார். மலாய்க்காரர், வயதானவர். காலணிகளைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, காற்சட்டையை முட்டி வரை மடித்துவிட்டு உள்ளே வந்தார். வீட்டைச் சுற்றிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஆனாலும் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டுத்தானே ஆக வேண்டும்?

"ஆயேர் அடா கா?" என்றார். தண்ணீர் இருக்கிறதா என்று.

"அடா, என்சிக்," என்றேன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "பாஞாக்." இருக்கிறது ஐயா, நிறைய.

அவர் தலையசைத்துக்கொண்டே குறித்துக்கொண்டார். தரை காய்ந்த பிறகு ஒரு தடவை வந்து பார்க்கிறேன், தண்ணீரைப் பொறுத்தவரை குறையில்லை, என்று சொல்லிவிட்டுப் பலகாரத்தில் ஒன்றை எடுத்துக்கொண்டு போனார். அந்த வாரமே ஆர்டர் என் கைக்கு வந்தது.

மத்தியானம் என் வீட்டுக்காரர் லாரியோடு வந்தார். வாசலில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஹோஸை இழுத்து வந்து வீட்டுக்குள் போட்டு, பம்பைத் திருப்பி ஓடவிட்டார். எத்தனையோ வருஷமாக எங்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்த லாரி, அன்றைக்கு எங்கள் வீட்டிலிருந்து தண்ணீர் ஏற்றிக்கொண்டது.

டேங்க் நிறைந்ததும் சாக்கடைப் பக்கம் போனார். "இத ஊத்திட்டு, நம்ம கொழாய்லயே நல்ல தண்ணியா புடிச்சுக்கிறேன்," என்றார். "நாளைக்கு ஒரு சவாரி இருக்கு."

"இன்னும் என்னா சவாரி?"

அவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "பக்கத்துத் தோட்டத்துல நாளைக்குக் கொழாய் தொறப்பு விழாவாம். இன்னும் கனெக்சன் குடுக்கலியாம். நம்ம தலைவருதான் என் பேர சொல்லி விட்டுருக்காரு. வர்றவரு மொகம் வாடக் கூடாதாம்."

நான் போய் அவர் கையிலிருந்த வால்வைப் பிடித்துக்கொண்டேன்.

"இத கீழ ஊத்தாதீங்க. இதயே கொண்டு போங்க."

"மாவுத் தண்ணி தேவகி. வெள்ளையா வரும்."

"வரட்டும். அவரு அத குடிக்கக் கூடாது. மொகத்துல அடிச்சுக்கக் கூடாது. தொறந்ததும் பயந்து ஒரு எட்டு பின்னால போவணும். அப்பத்தான் அந்தத் தோட்டத்துக்குத் தண்ணி வரும்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு மெல்லச் சிரித்துக்கொண்டு வால்வை இறுக மூடினார். அந்த டேங்க்கோடு அவர் லாரியை ஓட்டிக்கொண்டு போவதைப் பார்த்துவிட்டு, நான் உள்ளே போய் எங்கள் வீட்டுக் குழாயை மூடினேன். ஊருக்கெல்லாம் மூடச் சொல்லிக் கொடுத்தவள், என் சொந்தக் குழாயை மூடியது அன்றைக்குத்தான்.